மாப்பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போவதென்றால்

கேள்வி இது: தை மாதம் நண்பனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையோடு சேர்த்து ஒன்பது பேர், பாதிப்பேர் கோவையில், மீதிப்பேர் பெங்களூரில். கோவா, பப், டிஜே எதுவும் வேண்டாம் என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டார். பொள்ளாச்சி, உடுமலை, கோபி பக்கம் ஒரு தோட்டத்து வீட்டை எடுத்து இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு வரவேண்டும். எப்போது போகலாம், எங்கே தங்கலாம், சாப்பாட்டுக்கு என்ன வழி, குடிக்காத நண்பர்களும் இருக்கிறார்களே?

ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் இருக்கும் சாளையை (தோட்டத்து வீட்டை) வாரக்கடைசிகளில் இப்படி வருகிறவர்களுக்கு விடுவது வழக்கம். அதனால் வருகிறவர் பக்கமும் தெரியும், வீட்டுக்காரர் பக்கமும் தெரியும். விளம்பரம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம், எங்கள் வீடு ஒன்பது பேருக்குப் பத்தாது.

முதலில் தேதி. எல்லோரும் வீட்டைத்தான் முதலில் தேடுகிறார்கள். ஆனால் நம் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமைகள் அவர் கையில் இருக்காது. பத்திரிகை அடித்து வந்துவிட்டால் அப்பா அம்மாவோடு வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாக வேண்டும். மாமா வீட்டுக்கு ஆளனுப்பி வேலையை முடிக்க முடியாது. நங்கையா (அண்ணி முறை) வீட்டுக்கு நேரில் போகவில்லை என்றால் மண்டபத்தில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். கடைசி மூன்று வாரம் முழுக்க இந்த ஓட்டம்தான். முகூர்த்தக்கால் போட்டுவிட்டால் அப்புறம் வெளியூரே கிடையாது, வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள். ஆகவே கல்யாணத்துக்கு நான்கைந்து வாரம் முன்பாக ஒரு வெள்ளி இரவு கிளம்பி, ஞாயிறு மதியத்துக்குள் ஊர் திரும்புகிற மாதிரி வையுங்கள். ஞாயிறு மாலை ஒரு வீட்டுக்கு அழைக்கப் போக வேண்டும் என்றாலும் அவர் போய்ச் சேர்ந்துவிடலாம்.

தைக் கல்யாணம் என்பதால் இந்தக் கணக்கு மார்கழியில் வந்து நிற்கும். ஒரு வகையில் அருமையான மாதம். முகூர்த்தம் கிடையாது, அதனால் யாருக்கும் வேறு கல்யாணம் இருக்காது. மழை ஓய்ந்திருக்கும், காலையில் பனி இறங்கியிருக்கும், இரவில் போர்வை கேட்கும். ஆனால் ஒன்பது பேரில் ஒருவராவது ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார், இன்னொருவர் பழநிக்குக் காவடி எடுக்க விரதம் இருப்பார். அவர்களுக்குக் கறியும் கிடையாது, சாராயமும் கிடையாது. கூப்பிடும் முன்பே கேட்டுவிடுங்கள். மாலை போட்டவர் வரக்கூடாது என்பதில்லை. அவருக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், காலையில் குளித்துப் பூஜை செய்ய ஓர் ஓரம் வேண்டும். அது முடியாத வீடென்றால் அவர் மலைக்குப் போய் வந்த பிறகு தேதியை வைப்பதுதான் மரியாதை. அதிகாலையில் ஊர்க்கோவில் ஒலிபெருக்கியில் பாட்டு போடுவார்கள். மார்கழி அப்படித்தான், வீட்டுக்காரரிடம் புகார் சொல்ல வேண்டாம்.

தேதி தைப்பூசத்தை ஒட்டி வந்தால் இன்னொன்றும் உண்டு. தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பழநிக்குப் போகும் சாலைகளில் பாதயாத்திரைக்காரர்கள் ராத்திரி முழுக்க நடப்பார்கள். வெள்ளி இரவு வேலை முடித்து அவசரமாகக் கார் ஓட்டி வருகிறவர்கள் நிதானமாக வரவேண்டும்.

இடம். ஆனைமலை, கோட்டூர், சேத்துமடை, ஆழியாறு பக்கம் தோப்புக்குள் வீடுகள் நிறைய உண்டு. நிழல் இருக்கும், பின்னால் மலை தெரியும், பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் பக்கத்தில் ஓடும். காட்டுக்குள் இருக்கும் டாப்சிலிப் போக வேண்டும் என்று ஒருவர் கட்டாயம் கிளம்புவார். சேத்துமடை சோதனைச் சாவடியில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள், மது பாட்டில் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள், மாலைக்கு மேல் யாரையும் விடமாட்டார்கள். போனால் காலையில் போய் மதியம் திரும்புங்கள். வால்பாறை ஏற வேண்டாம். 40 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினால் பாதி நாள் காருக்குள்ளேயே போய்விடும், சும்மா இருக்கத்தானே வருகிறீர்கள்.

உடுமலைப் பக்கம் திருமூர்த்திமலை, அமராவதி அணை என்று இரண்டு நல்ல ஓரங்கள் இருக்கின்றன. அமராவதியில் முதலைப் பண்ணை உண்டு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பொழுது போகும். கோபி பக்கம் தென்னைக்குப் பதில் வயல். தடப்பள்ளி வாய்க்கால் ஓரம் வீடு கிடைத்தால் திண்ணையை விட்டு எழ மனம் வராது. கொடிவேரி அணை பக்கத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை கொடிவேரியில் கால் வைக்க இடம் இருக்காது, சனிக்கிழமை காலை முதல் ஆளாகப் போய்விடுங்கள். மூலனூர், காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் யாரும் யோசிப்பதில்லை. அங்கே பச்சை குறைவு, கிளுவை வேலியும் மேய்ச்சல் காடும்தான். ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் விளக்கு இருக்காது. ராத்திரி மொட்டை மாடியில் படுத்தால் வானம் முழுக்க நட்சத்திரம். வாடகையும் மலையடிவாரத்தைவிடக் குறைவாகவே சொல்வார்கள். என்னைக் கேட்டால், பேசிக்கொண்டிருக்கத்தான் வருகிறீர்கள் என்றால் காங்கேயம் பக்கம்தான் சரி. சுற்றிப் பார்க்க எதுவும் இல்லாததால் யாரும் யாரையும் காருக்குள் ஏறச் சொல்லமாட்டார்கள்.

ஆனைகட்டி, தடாகம், நரசீபுரம் பக்கம் அழகுதான், கோவைக்கும் கிட்ட. ஆனால் யானை வரும். இருட்டிய பிறகு காரை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போவது, தோட்டத்துக்குள் நடந்து போவது எல்லாம் அங்கே ஆகாது. பலாப்பழம், வாழைத்தார், மூட்டை அரிசி, உப்பு எதுவும் வெளித் திண்ணையில் இருக்கக் கூடாது. சேத்துமடைக்கும் இதே பேச்சுத்தான். வேலியில் சோலார் கம்பி ஓடினால் காவலுக்கு இருப்பவரிடம் எங்கே, எப்போது மின்சாரம் விடுவார் என்று வந்த உடனே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டை எடுப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை. ஒன்பது பேருக்கு எத்தனை கழிப்பறை? இரண்டுக்குக் கீழே என்றால் வேண்டாம். ஞாயிறு காலை உங்களுக்கே புரியும். சமையலுக்கு ஆள் உண்டா, அவருக்குக் கூலி தனியா? வெளியே விறகடுப்பு இருக்கிறதா? மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வரும்? இதை யாரும் கேட்பதில்லை. படத்தில் பார்த்த பம்புசெட்டில் குளிக்கும் ஆசையோடு வருவார்கள். மோட்டார் ஓட மும்முனை வேண்டும், அது முறை வைத்துத்தான் வரும். அந்த நேரத்தில் வீட்டில் இல்லாவிட்டால் தொட்டியில் தேங்கிய தண்ணீரில்தான் குளிக்க வேண்டும். நீங்கள் எதற்காக வருகிறீர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். ‘குடும்பத்தோடு வருகிறோம்’ என்று பதிவு செய்துவிட்டு ஒன்பது ஆண்கள் வந்து இறங்கினால் எந்த வீட்டுக்காரருக்கும் மனம் சுருங்கும். கல்யாண மாப்பிள்ளையோடு நண்பர்கள் வருகிறோம், சிலர் குடிப்பார்கள், பத்து மணிக்கு மேல் சத்தம் இருக்காது என்று சொன்னால், சரி என்பவர் சரி என்பார், முடியாது என்பவர் முடியாது என்பார்.

அந்தப் பத்து மணி சும்மா சொல்லவில்லை. ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தோப்புக்குள் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது நகரத்துக்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு கூட்டம் பதினொன்றரைக்குப் பாட்டு போட, மூன்று தோட்டம் தள்ளியிருந்து ஒரு பெரியவர் டார்ச்சோடு நடந்து வந்துவிட்டார். திட்டவில்லை. “ஏனுங் தம்பி, மாடு கண்ணு போட்டிருக்குதுங், மெரளுதுங்” என்றார். அவ்வளவுதான், ஸ்பீக்கர் பெட்டிக்குள் போய்விட்டது.

இனி சாப்பாடு. இந்த இரண்டு நாளின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஓட்டலில் வாங்கி வந்து பிரித்துச் சாப்பிட்டால் வேலை சுலபம், ஆனால் பொழுது செத்துவிடும். ஒன்பது பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார வேண்டும். வெங்காயம் உரிக்க மூன்று பேர், விறகு தள்ள ஒருவர், ருசி பார்க்க நான்கு பேர். மாப்பிள்ளைக்கு வேலை கொடுக்காதீர்கள், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து குறை சொல்வது அவர் வேலை.

சனிக்கிழமை மதியத்துக்குப் பள்ளிபாளையம் சிக்கன். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், காவிரிக்கு அந்தப்புறம் இருக்கும் ஊரின் பெயர். ஒன்பது பேருக்கு எலும்போடு இரண்டு கிலோ, சின்னத் துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள். சின்ன வெங்காயம் முக்கால் கிலோ. வரமிளகாய் நாற்பது ஐம்பது, கிள்ளி விதையைத் தட்டிவிட வேண்டும். விதையைத் தட்டாமல் போட்டுவிட்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரும்பு வடச்சட்டியில் கடலை எண்ணெய் காய்ந்ததும் மிளகாயைப் போட்டு, நிறம் கறுப்பதற்குள் வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை. வெங்காயம் வதங்கிய பின் கறி, மஞ்சள்தூள், உப்பு. தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றக் கூடாது. தக்காளி கிடையாது, மசாலாத்தூள் கிடையாது, மல்லித்தூள் போடலாமே என்று கேட்கிறவரை இளநீர் வெட்ட அனுப்பிவிடுங்கள். கறி வெந்து எண்ணெய் பிரியும்போது நீளவாக்கில் கீறிய தேங்காய்ப் பற்களை ஒரு கை அள்ளிப் போட்டுப் பிரட்ட வேண்டும். அந்தத் தேங்காய் மிளகாய் எண்ணெயைக் குடித்து ஓரம் சிவந்து வரும். கறியைவிட அதற்குத்தான் சண்டை நடக்கும்.

நாட்டுக்கோழி வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். சமையலுக்கு வரும் அக்கா கோழியை உரித்துத் தரமாட்டார், றெக்கை பிடுங்கி, மஞ்சள் தடவி, பாளைத் தீயில் வாட்டித்தான் வெட்டுவார். அந்த வாட்டிய தோலின் வாசம் குழம்பில் இறங்க வேண்டும். வேக ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, அதனால் “கறி எத்தன மணிக்குங் வேணும்?” என்று அவர் காலையிலேயே கேட்டால் சரியான நேரத்தைச் சொல்லுங்கள். ‘எப்போதானாலும் சரிங்கக்கா’ என்றால் அவர் ராத்திரி பத்து மணி வரை அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கும். அவருக்கும் வீடு இருக்கிறது.

இரவுக்கு அரிசிம்பருப்பு. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு. இறக்கியதும் நெய், கூடவே தயிர், அப்பளம். மாலை போட்டவருக்கு இதையே அவருடைய தனிப் பாத்திரத்தில் வைத்துவிடலாம். விரதக்காரர், சைவக்காரர், மதியக் காரத்தில் வயிறு புண்ணானவர் எல்லோரும் ஒரே சட்டியில் சாப்பிடலாம். (சைவமும் அசைவமும் தனித்தனியாக வைத்து ஒருவரை ஓரமாக உட்கார வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. ஒரு வேளையாவது எல்லோருக்கும் ஒரே சாப்பாடு இருக்கட்டும்.) ஞாயிறு காலைக்குச் சந்தகை (இடியாப்பம் மாதிரி), தேங்காய்ப்பால். சமையல்கார அக்காவிடம் சந்தகை மரம், அதாவது அதைப் பிழியும் கருவி, இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பிழிவது உங்கள் வேலை, அதைப் பிழிய இரண்டு ஆளின் பலம் வேண்டும்.

குடி. குடிக்காத நண்பர்களை நினைத்து நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்: சனிக்கிழமை சாயங்காலம் வரை பாட்டிலைத் திறப்பதில்லை என்று ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். பகல் எல்லோருக்கும் பொது, ராத்திரி விருப்பப்பட்டவர்களுக்கு. வெள்ளி இரவு வந்து இறங்கியதுமே ஆரம்பித்தால் சனிக்கிழமை மதியம்தான் எழுவார்கள், பள்ளிபாளையத்துக்கு வெங்காயம் உரிக்க ஆள் இருக்காது. டாஸ்மாக் மதியம் 12 முதல் இரவு 10 வரைதான். திருவள்ளுவர் தினம், குடியரசு நாள் மாதிரி சில நாட்கள் மூடியிருக்கும். காலி பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் முறை நீலகிரியில் 2022-இல் தொடங்கி இப்போது கோவையிலும் இருக்கிறது. அந்தப் பத்து ரூபாய்க்காக இல்லாவிட்டாலும், வரப்பில் உடைந்து கிடக்கும் கண்ணாடி தோட்டத்தில் வெறுங்காலோடு வேலை செய்கிறவர் காலில்தான் ஏறும். ஒரு சாக்கு வைத்து எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டு போங்கள்.

தோப்புக்கு வருகிற எல்லோரும் கேட்கும் அடுத்த கேள்வி, கள் கிடைக்குமா. கிடைக்காது. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை 1987-லிருந்து இருக்கிறது. நம் பக்கத்து விவசாயிகள் அதை எடுக்கச் சொல்லிக் கேட்காத வருடமே இல்லை, அது வேறு கதை. கோபாலபுரம், மீனாட்சிபுரம் தாண்டினால் கேரளாவில் கள்ளுக்கடை உண்டு, அங்கே சட்டப்படிதான். ஆனால் போய்க் குடித்துவிட்டு யார் வண்டி ஓட்டுவது? 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் வழக்கு. முதல் முறையே ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கல்யாணத்துக்கு நாலு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளையை ஸ்டேஷனில் உட்கார வைத்தால் பெண் வீட்டாருக்கு என்ன சொல்வீர்கள்? குடிக்காத நண்பரை ஓட்டச் சொல்லலாம், ஆனால் அவர் ஓட்டுநராக வரவில்லை. சனிக்கிழமை மாலை கேட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் நானே வாங்கி வைத்துக்கொள்வேன்.

தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். வாய்க்கால் பார்க்க அமைதியாக ஓடும், கரை சிமெண்டுச் சரிவு, பாசி பிடித்திருக்கும், உள்ளே இறங்கினால் பிடித்து ஏற எதுவும் இருக்காது. தோட்டத்துக் கிணறு அதைவிட ஆழம். ஆழியாற்றில் ஆள் போன செய்தி இல்லாத வருடம் கிடையாது, போகிறவர்களில் வெளியூர்ப் பையன்கள் அதிகம். நீச்சல் தெரிந்தவரும் குடித்திருந்தால் தொட்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மார்பளவு தண்ணீர் உள்ள தொட்டியில் ஒன்பது பேர் இறங்கினால் அதுவே திருவிழாதான்.

தென்னை மரத்தடியில் கட்டிலைப் போடாதீர்கள். நெற்றுத் தேங்காய் சொல்லிவிட்டு விழாது, காய்ந்த மட்டையும் அப்படித்தான். தீ மூட்டுவதென்றால் களத்துமேட்டில், சருகு இல்லாத இடத்தில், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரோடு. காட்டோர வீடுகளில் அதுவும் வேண்டாம்.

பொழுதுபோக்குக்கு அட்டவணை எதுவும் போடாதீர்கள். தோப்புக்குள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடலாம், மரத்தில் பட்டால் அவுட்டா இல்லையா என்பதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். ஆடுபுலி ஆட்டம், தாயம், சீட்டு இருக்கவே இருக்கின்றன. காசு வைத்து ஆட வேண்டாம். மாப்பிள்ளைக்குச் சேலை கட்டி வீடியோ எடுப்பது, பழைய காதலி பெயரைச் சொல்லிக் கூச்சல் போடுவது இதெல்லாம் பார்த்துவிட்டேன், மாப்பிள்ளை சிரித்த மாதிரி இருப்பார், அவ்வளவுதான். அதற்குப் பதில் கல்லூரிக் காலத்துப் படங்களைக் கடையில் கொடுத்துக் காகிதத்தில் போட்டுக் கொண்டு வாருங்கள். போனில் காட்டினால் இரண்டு நிமிடத்தில் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். காகிதம் கை மாறி கை மாறிப் போகும், ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள். பெண்ணுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள், எங்கே, யார் யாரோடு என்று. பெண்ணின் அண்ணன் தம்பியைக் கூப்பிடலாமா என்றால், மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே பழக்கம் என்றால் கூப்பிடலாம். இல்லையென்றால் மச்சான் முன்னால் யாராலும் வாய்விட்டுப் பேச முடியாது, பாவம் அவருக்கும் சங்கடம்.

செலவில் மாப்பிள்ளை பங்கை மற்ற எட்டுப் பேரும் பிரித்துக்கொள்வது முறை. வீட்டு வாடகை, சாப்பாடு, சமையல் கூலி மூன்றும் எட்டாகப் பிரியட்டும். மதுச் செலவைக் குடித்தவர்கள் மட்டும் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குடிக்காதவர் தலையில் அதைக் கட்டுவதுதான் இந்த மாதிரிப் பயணங்களில் மனக்கசப்பு வரும் இடம், வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்கள். கணக்கை ஞாயிறு காலைச் சந்தகை சாப்பிடும்போதே முடித்துவிடுங்கள், பெங்களூர் போய்ச் சேர்ந்த பிறகு கேட்டால் அது வராது. சமையல் செய்த அக்காவுக்குக் கொடுப்பதை வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பாமல் அவர் கையிலேயே கொடுங்கள். பத்திரிகை அடித்திருந்தால் அதில் ஒன்றையும் சேர்த்து வையுங்கள், மண்டபம் பக்கத்தில் என்றால் கட்டாயம் வருவார்.